கேப்டனுக்கு நான் பேசிய தமிழ்

தம்பி,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போனில் எல்லாவற்றையும் சொன்னாய். நீர்மூழ்கிக் கப்பல் பயிற்சியில் மூடிய குழாய்க்குள் உனக்கு மூச்சு முட்டியதையும், அதிலிருந்து உன்னை விடுவித்து மறுபடியும் கரையிலுள்ள பழுதுபார்க்கும் பட்டறைக்கே அனுப்பிவிட்டதையும் சொல்லி முடித்துவிட்டு நான் என்ன சொல்வேனோ என்று காத்திருந்தாய். நான் "சரி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை உன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அன்றிலிருந்து தினமும் அவளிடம் "அப்பா கோவமா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாயாம். முந்தாநாள் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த வருஷம் கோயில் அசன விருந்துக்கு வரவில்லை, வந்தால் சபைக்காரர்களிடம் என்ன சொல்ல என்றும் சொல்லியிருக்கிறாய். கோயில் திடலில் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற நாளில் எங்கள் பக்கத்தில் உன் இலை மட்டும் இல்லாமல் இருக்க வேண்டுமா? இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அதுவரை வரவில்லை. போனில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

எல்லாம் அந்தப் படங்களிலிருந்து ஆரம்பித்தது என்பதால் நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் காகிதக் கட்டோடு ஏறி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குவதிலேயே என் தலைமுடி நரைத்தது. ஆனாலும் ஒரு ராத்திரிகூடக் கடலில் தங்கியதில்லை. கட்டிப்போட்ட கப்பல் லேசாக ஆடினாலே எனக்கு வாந்தி வரும். அப்படி ஏறி இறங்கும்போது, வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் சமையல்காரர், நான் வாங்கிப் போன ஒரு பெட்டி முந்திரி மக்ரூனுக்குப் பதிலாக ஒரு பை நிறையப் பட டிஸ்குகளைக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்றுவிடாமல் எல்லாம் நீர்மூழ்கிப் படங்கள். அந்த மனிதருக்கு அதில் அப்படியொரு பைத்தியம் போலிருக்கிறது. எந்தப் படத்திலும் நமக்குத் தெரிந்த மொழி இல்லை, அடியில் எழுத்தும் ஓடவில்லை. வேறு வீடாக இருந்தால் ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள். நீ அப்போது என் மடியில் உட்கார்ந்து "அவங்க என்னப்பா சொல்லுதாங்க?" என்று கேட்டாய். தெரியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது என் டப்பிங்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, வெயில் உப்பளத்தில் காய்வது போல நம் தெருவில் காயும் நேரத்தில் நாம் மூன்று பேரும் கடலுக்கடியில் இருப்போம். கேப்டன் வாயைத் திறந்தால் நான் பேசுவேன். இன்ஜின் ரூம்காரன் வாயைத் திறந்தாலும் நான்தான் பேசுவேன். எல்லோரும் நம் நாசரேத்துப் பக்கத்து ஆட்களைப் போலத்தான் பேசினார்கள். "ஏலே, அங்கன ஒரு கப்பல் நிக்கு, மேல போகாத" என்பார் கேப்டன். "அண்ணாச்சி, ஆயில் லீக் ஆகுது" என்பான் கீழே இருக்கிறவன். கப்பலுக்குள் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை மட்டும் யாரும் மொழிபெயர்க்காமலே நமக்குப் புரிந்தது. நடைபாதை முழுக்க டின்களை அடுக்கி அதன் மேல் பலகை போட்டு நடப்பார்கள். நாளாக ஆகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தரை இறங்கும். ஒருவன் வேலைக்கு எழுந்து போன சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் அதே படுக்கையில் விழுவான். குளிக்கத் தண்ணீர் கிடையாது. ரொட்டியில்கூட டீசல் வாடை அடிக்குமோ என்னவோ, முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்பார்கள். உன் அம்மா சண்டைக் காட்சி எதையும் கவனிக்க மாட்டாள். "இத்தன ஆம்பளைங்களுக்கு ஒரே ஒரு அடுப்பா? கொழம்பு எப்படிங்க வைப்பாங்க?" என்றுதான் கேட்பாள். ஒரு படத்தில் சமையல்காரன் முட்டைக்காக ஒரு கோழியை ஒளித்துவைத்திருப்பானே, எதிரிக் கப்பல் தலைக்கு மேல் நிற்கும்போது அது கொக்கரிக்க ஆரம்பிக்குமே, அந்தப் படம் மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கோழிக்கும் நான்தான் குரல்.

படத்தில் கேப்டன் உதட்டில் விரலை வைத்தால் நம் வீட்டிலும் சத்தம் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நீ. ஃபேனை நிறுத்திவிடுவாய். அம்மா கரண்டியைச் சட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும் குரலை அடக்கிக் கிசுகிசுப்பேன். அப்படியொரு கட்டத்தில் சமையலறையிலிருந்து குக்கர் விசில் அடித்தது ஞாபகம் இருக்கிறதா? "போச்சும்மா, அவனுங்களுக்குக் கேட்டுட்டு, எல்லாரும் செத்தாங்க!" என்று நீ அழுத அழுகையில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலோடு சுவரேறிக் குதிக்காத குறையாக ஓடி வந்தார். "யாரும்மா செத்தது?" என்று கேட்ட அவரிடம் உன் அம்மா குக்கரைக் காட்டினாள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் மட்டும் இல்லை. ஆபத்து வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இந்த வீட்டில் நீ விளையாட்டாகப் பழகிவிட்டாய். நாங்களும் கூடவே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எத்தனை படம் பார்த்தாலும் உனக்கும் எனக்கும் பிடித்தவை இரண்டுதான். ஒன்றில், கப்பல் ஆழம் தாங்காமல் முனகிக்கொண்டிருக்கும். ஆணி தெறிக்கும். ஆட்களின் முகத்தில் ரத்தமே இருக்காது. அப்போது அந்தத் தாடிக்காரக் கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோரையும் பார்த்து மெதுவாக, ரொம்ப நேரம் பேசுவார். நான் "ஏலே, எவனும் பயப்படக் கூடாது, நான் இருக்கேம்லா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். "இவ்ளோ நேரம் பேசுனாரே, இவ்ளோதானா?" என்று நீ கேட்டாய். பெரிய மனுஷங்க சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்கல என்றேன். அந்த வசனத்தை நீ பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் சொன்னாய், பல் பிடுங்கப் போன இடத்தில் சொன்னாய், கடற்படைத் தேர்வுக்குப் போன காலையில் வாசலில் நின்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாய்.

இன்னொரு படத்தில் கப்பல் அடியாழத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். உள்ளே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று மேலே யாருக்கும் தெரியாது. முக்குளிப்பவன் ஒருவன் இறங்கிப் போய், கப்பலின் இரும்புத் தோலில் காதை வைப்பான். ஒன்றும் கேட்காது. நகர்ந்து போய் மறுபடியும் வைப்பான். அப்புறம், டொக், டொக், டொக். அவன் முகம் மாறும் பார், அந்த இடத்தில்தான் நான் சோபாவிலிருந்து எழுந்து "கேக்குதுலே! ஆளு இருக்கு, ஆளு இருக்கு!" என்று கத்துவேன். நீ கை தட்டுவாய். கப்பலை வெடிவைத்துத் தகர்க்கிற இடங்களை எல்லாம் நாம் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறோம். இந்த இடத்தை மட்டும் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை.

நீ கடற்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது சந்தோஷப்பட்டேன். விருப்பம் எழுதிக்கொடுத்து நீர்மூழ்கிப் பிரிவுப் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது அதைவிடச் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன். மளிகைக்கடை அண்ணாச்சியிடம், "முத்துக்குளிச்ச கடற்கரைலா அண்ணாச்சி, நம்ம புள்ளைங்களுக்குத் தண்ணி என்ன செய்யும்?" என்று பீற்றினேன். முத்துக்குளித்தவர்கள் யாரோ, நாம் யாரோ. நம் முன்னோர் பனங்காட்டில் பனையேறினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், வாத்தியார் ஆனார்கள். ஒருத்தராவது முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதாகச் செய்தி இல்லை. ஆனால் மகன் விஷயத்தில் அப்பாவுக்கு வாய் நீளும். வீட்டுக்குள் நடந்தது வேறு. நீ பயிற்சிக்குப் போன நாளிலிருந்து என்னால் ஒரு நீர்மூழ்கிப் படத்தையும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. கப்பல் கரையை விட்டுக் கிளம்பும், பாண்டு வாசிப்பார்கள், கை ஆட்டுவார்கள், அதோடு டிவியை நிறுத்திவிடுவேன். "பாதிப் படத்துல எந்திரிச்சுப் போறீங்க" என்றாள் உன் அம்மா. கண் வலிக்கிறது என்றேன். கண்ணில் எனக்கு ஒரு வலியும் இல்லை. அவர்கள் முழுகிய பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்கு அளவுக்கு மேல் தெரிந்திருந்தது.

அப்புறம் நீ பேசுவதை நிறுத்தினாய். வாரக்கணக்கில் போன் இல்லை. எப்போதாவது "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி. இந்த இடத்தில்தான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். படம் பார்த்து வளர்ந்த அறிவு அல்லவா! "புள்ள தண்ணிக்கு அடியில இருக்கான். அங்கன போன் எடுக்காது. மேல வந்தாத்தான் சிக்னல். எப்ப வருவாங்கங்கறது ரகசியம், யாரும் கேக்கக் கூடாது" என்று உன் அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். அண்ணாச்சிக்கும் எடுத்தேன். சபைக் குருவானவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பொது ஜெபத்தில், வியாதியஸ்தருக்கும் பிரயாணம் செய்கிறவர்களுக்கும் ஜெபித்த பிறகு, "ஆழ்கடலின் அடியில் ஊழியம் செய்யும் எங்கள் சபையின் மகனைப் பத்திரமாகக் கரை சேர்த்தருளும்" என்று சேர்த்துக்கொண்டார். சபையே ஆமென் என்றது. டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே நேரத்தில் நீ பட்டறைக்குப் பக்கத்து அறையில், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நீ ஒரு குரல் செய்தி அனுப்பினாயே, "அம்மா, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், அப்புறம் பேசுதேன்" என்று, அதை அவள் துணி மடித்துக்கொண்டே மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, பின்னால காக்கா கத்துது."

"அதுக்கென்ன?"

"தண்ணிக்கு அடியில ஏதுங்க காக்கா?"

நான் அசரவில்லை. முழுகுவதற்கு முன்னால் பேசிப் பதிந்து, பிறகு அனுப்பியிருப்பான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோழியை ஒளித்துவைக்க முடியும் என்றால் காக்காயையும் வைத்திருப்பான் என்று அடுத்து நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பாள் போல. மறுபடியும் துணியை மடிக்க ஆரம்பித்தாள். பிள்ளை கரையில்தான் இருக்கிறான், ஆனால் ஏதோ சரியில்லை, அவனாகச் சொல்லட்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், "நீங்க நம்பிக்கிட்டு இருந்தீங்க, கெடுக்க வேண்டாம்னு விட்டேன்" என்கிறாள். இந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்காகவும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் நீ போன வாரம் ஞாயிற்றுக்கிழமை பேசியது. தப்பிக்கும் பயிற்சிக்காக ஒரு குறுகலான குழாய்க்குள் விட்டு மூடியதையும், கழுத்துவரை தண்ணீர் ஏறியதையும் சொன்னாய். முடியாவிட்டால் சுவரைத் தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்கள் என்றாய். "நான் தட்டிட்டேன்ப்பா" என்றாய். உடனே தண்ணீரை வடித்துத் திறந்துவிட்டார்களாம். அந்தப் பயிற்சியாளர் தோளில் துண்டைப் போட்டு, இது எல்லோருக்கும் ஒத்துவராது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாராம். மறுபடியும் முயற்சி செய்தும் முடியவில்லை. "மத்தவங்க எல்லாரும் பாஸ். நான் மட்டும் தட்டிட்டேன்" என்று நீ இரண்டாம் தடவை சொன்னபோது உன் குரல் உடைந்தது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன். கோபத்தில் இல்லை, ஏமாற்றத்தில் இல்லை, நீ நினைக்கிற எதிலும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியொரு நிம்மதி. நீ கிளம்பிப் போன நாளிலிருந்து நெஞ்சில் ஒரு அம்மியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன் அன்றைக்குத்தான் அதை இறக்கி வைத்தேன். என் பிள்ளை கரையில் இருக்கிறான், காற்று இருக்கிறது, தலைக்கு மேல் காக்கா கத்துகிறது. வேறென்ன வேண்டும் எனக்கு? இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கேப்டனுக்கெல்லாம் குரல் கொடுத்தவனுக்குத் தன் சொந்த வசனம் வரவில்லை.

நீ தட்டியதைத் தோல்வி என்று எழுதிவைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அண்ணாச்சியிடம் பீற்றிக்கொண்ட அந்த முத்துக்குளிக்கிறவர்களையே எடுத்துக்கொள். கல்லைக் கட்டி இறங்குவார்கள், இடுப்பில் ஒரு கயிறு. மூச்சு முட்டினால் கயிற்றை இழுப்பார்கள், மேலே தோணியில் இருக்கிறவன் மளமளவென்று தூக்குவான். ஏன் சீக்கிரம் இழுத்தாய் என்று அவன் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் முத்தும் வராது, ஆளும் வரமாட்டான். இழுக்கத் தெரிந்தவன்தான் மறுநாளும் கடலுக்குப் போவான். இந்த வயதில் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். வேலையில், நாளைக்குக் கல்யாணமான பிறகு உன் வீட்டில், என்னைப் போல முதுமை வந்து கால் தடுமாறும்போது, எங்கே மூச்சு முட்டினாலும் தட்டு. சத்தமாகத் தட்டு. காது வைத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

நான் கொல்லையில் இருந்தபோது நீ அம்மாவிடம் சொன்ன இன்னொரு செய்தியும் எனக்கு வந்து சேர்ந்தது. உன் அறைத் தோழனிடம் நம் தாடிக்காரக் கேப்டனின் படம் இங்கிலீஷ் எழுத்தோடு இருந்ததாம். ஆணி தெறிக்கும்போது அந்த மனிதர் அவ்வளவு நேரம் என்னதான் பேசினார் என்று இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாயாம். "அம்மா, அப்பா சொன்னத அவர் சொல்லவே இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு, யாருக்குத் தாங்க முடியலையோ பக்கத்துல இருக்கறவங்கிட்ட சொல்லிருங்க, தனியா வச்சுக்கிடாதீங்கன்னு சொல்லுதார்" என்றாயாம். நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய் என்றாள் அம்மா. நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மொழி தெரியாத ஒருவன் இன்னொருத்தர் வாயில் தனக்குப் பிடித்த வார்த்தையைப் போட்டால் இப்படித்தான் ஆகும். அந்தக் கேப்டனின் நல்ல வசனத்தை நான் விழுங்கிவிட்டு, உனக்கு ஒரு வெற்று வீராப்பைக் கொடுத்திருக்கிறேன். நீ அதை நம்பிக் குழாய்வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாய்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் அந்த டிஸ்கைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். கப்பல் முனகியது, ஆணி தெறித்தது, கேப்டன் தொப்பியைக் கழற்றினார். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்க, இந்தத் தடவ நான் பேசுதேன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கோழிக்குக்கூடக் குரல் கொடுத்தவள் இல்லை. கீரையைத் தட்டில் வைத்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேப்டன் உதட்டசைவு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படாமல், "ஏலே மக்கா, எனக்கும் பயமாத்தாம்ல இருக்கு. முடியலன்னா சொல்லிருங்க, மேல போயிருவோம். வீட்ல சாளைமீன் கொழம்பு வச்சிருக்கேன், ஆறிப் போவுது" என்றாள். கேப்டன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். அவளும் விடவில்லை, யார் யாருக்கு எத்தனை மீன் என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. அவள் என் தலையில் தட்டினாள். படத்தை முழுதாகப் பார்த்தோம். கப்பல் மேலே வந்தது.

இனி நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ யாரிடம் என்ன சொல்ல என்று கேட்டாயே, அந்த வேலை முடிந்துவிட்டது. நேற்று ஞாயிறு காலை ஆராதனையில் நன்றி சொல்லி ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தேன். யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று குருவானவர் வாசிப்பார் அல்லவா. பரீட்சையில் பாஸ் ஆனவர்கள், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள், புது வீட்டுக்குப் போனவர்கள். அந்த வரிசையில் "கடலுக்கடியில் இருப்பதாக நான் தவறாகச் சொன்ன என் மகன் பத்திரமாகக் கரையில் இருப்பதற்காகவும், பயமாக இருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னதற்காகவும்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் பாதி வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மீதியையும் வாசித்தார். உன் அம்மா தன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது போல எதையோ புரட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் டீச்சரம்மா பிடித்துக்கொண்டார். "அப்ப நாங்க இத்தன வாரம் ஜெபிச்சது என்னத்துக்கு?" என்று கேட்டார், அதே பள்ளிக்கூடக் குரலில். பின்னால் வந்த குருவானவர்தான் காப்பாற்றினார். "பத்திரமா கரை சேக்கணும்னுதானம்மா ஜெபிச்சோம்? கரையிலதான இருக்கான்? கேட்டதத்தான் குடுத்திருக்கார்" என்றார். "அது சரிதான்" என்றார் டீச்சரம்மா. பிறகு என் காதருகே குனிந்து, "எனக்கும் லிஃப்ட்ல ஏறினா நெஞ்சு படபடங்கும், ஆஸ்பத்திரியில மூணாவது மாடிக்கும் படி ஏறித்தான் போறேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். உனக்குப் பயன்படும் என்பதால் சொன்னேன், அவர் மன்னிப்பார். செருப்பு மாட்டுவதற்குள் இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து இதே போல ஏதோ ஒன்றைக் கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு ஸ்கேன் மெஷின், ஒருவருக்குக் கிணறு. நம் சபையில் பாதிப் பேர் குழாய்க்குள் இருந்தால் தட்டுகிறவர்கள்தான் போலிருக்கிறது. உன்னைப் பற்றி யாரும் ஒரு குறைச்சலும் பேசவில்லை. அசனத்துக்கு வருவான்லா, அவன்தான் கறி வாளி தூக்கணும் என்று இளைஞர் சங்கத்துப் பையன்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பட்டறை வேலையைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இன்ஜின்களோடு இருக்கிறாய், கைக்குப் பழக்கமான வேலை, மேலே கூரை இருந்தாலும் கதவு பெரிதாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். முழுகிப் போகிற கப்பல்களுக்கும் யாரோ ஒருவர் கரையில் இருந்து நட்டை முடுக்கித்தான் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் இரு. பிடிக்காவிட்டால் அதையும் சொல். இனி உன் வாயில் நான் எந்த வசனத்தையும் போடப் போவதில்லை. நீ சொல்வதைக் கேட்டுவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொள்கிறேன். இந்த வயதில் கொஞ்சம் கஷ்டம்தான், உன் அம்மா துணைக்கு இருக்கிறாள்.

லீவுக்கு எழுதிக் கொடு. அசனத்துக்கு முதல் நாளே வந்துவிடு, காலை ரயிலென்றால் அம்மா இட்லி ஊற்றி வைத்திருப்பாள், ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். வீட்டில்தான் இருப்பேன். கதவு திறந்துதான் கிடக்கும், நீ பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். அப்படி வராதே. வாசலில் நின்று கதவை மூன்று தடவை தட்டு. நான் கதவின் இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். தெருவே கேட்கிற மாதிரி ஒருதரம் கத்த வேண்டும் எனக்கு.

கேக்குதுலே! ஆளு இருக்கு, ஆளு இருக்கு!

அப்பா